நார்மல்னு வச்சிருந்த படம்

அறுபத்திரண்டு கட்டம், அறுபத்திரண்டும் கறுப்பு, ஒவ்வொரு கறுப்புக்கு நடுவுலயும் வெள்ளையா ஒரு பேரு, இதுக்குப் பேரு கிளாஸாம். கேமராவைப் போடுன்னா நெட் இல்ல சார்ங்கான், மைக்கைப் போடுன்னா வீட்டுல சத்தம் சார்ங்கான், அப்ப நீ அங்க இருக்கியா இல்லியான்னு நான் எதை வச்சுலே நம்ப. கொரோனாவுக்கு மெடிக்கல் காலேஜை இழுத்துப் பூட்டி நாலு மாசம் ஆச்சு, ஃபைனல் இயர் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே பாக்கச் சொல்லிக் குடுக்கணும், பரீட்சை வருது, அதனால பாளையங்கோட்டையில என் வீட்டு மாடி ரூம்ல, மேல இஸ்திரி போட்ட சட்டையும் கீழ சாரமுமா, காலம்பற பதினோரு மணிக்கு ஒரு லேப்டாப்புக்கு முன்னாடி உக்காந்து நான் தனியா கத்திக்கிட்டு இருக்கேன். காலேஜ்ல இருட்டு ரூம்ல ஃபிலிமை வெளக்குப் பெட்டியில சொருவி நிறுத்துவேன், பயலுவ தோளோட தோள் இடிச்சிக்கிட்டு பின்னால நிப்பானுவ, எவன் படத்தைப் பாக்கான் எவன் செல்லைப் பாக்கான்னு திரும்பாமலே என் முதுகுக்குத் தெரியும். இப்ப என் முதுகுக்குப் பின்னாடி பீரோதான் இருக்கு. கறுப்புக் கட்டத்துக்குப் பின்னாடி ஒருத்தன் பல்லு வெளக்கிக்கிட்டு இருப்பான், ஒருத்தி தங்கச்சியை உக்கார வச்சிட்டு கடைக்குப் போயிருப்பா, எவனோ நான் பேசுறதையெல்லாம் ரெக்கார்ட் பண்ணுதான், அது நிச்சயம். அந்த ஐபோன்னு மட்டும் பேரு போட்ட கட்டம் யாருன்னே தெரியல, மூணு வாரமா வருது, கூப்பிட்டா பதில் கிடையாது, எனக்கு எங்க டிபார்ட்மெண்ட் ஷண்முகவேல் மேலதான் சந்தேகம். எனக்கு அடுத்து தலைமை நாற்காலி அவனுக்குத்தான், நான் ரிட்டயர் ஆகுறதுக்கு நாள் எண்ணிக்கிட்டு இருக்கான், எங்க தப்பு விடுதேன்னு குறிப்பு எடுக்கானோ என்னவோ. சந்தேகப் பிராணின்னு வீட்டுல எனக்குப் பேரு, வீட்டுக்காரி செண்பகம் வச்ச பேரு. நான் முப்பது வருசமா வாங்குற சம்பளமே சந்தேகப்படுறதுக்குத்தான்னு அவகிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு.

ஆனா இன்னைக்கு என் குறி ஐபோன் மேல இல்ல, நாப்பத்தி நாலாம் நம்பர் மேல. மு. பேச்சியம்மாள். பேருதான் பேச்சி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. விளாத்திகுளம் பக்கம் ஏதோ ஊரு, கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிட்டு வந்த பிள்ளை, வார்டுல பாத்திருக்கேன், எப்பவும் கடைசி ஆளா, ஒல்லியா, ஒரு நீலக் குடையோட நிக்கும். இது மூணு வாரமா என்ன பண்ணுது? நான் படத்தைப் போட்டுட்டு, நோயாளிக்கு என்ன வயசு, எத்தனை நாளா இருமல், பீடி உண்டா, காய்ச்சல் உண்டான்னு கதையை ஆரம்பிச்சு முடிக்கறதுக்குள்ள சாட்ல பதில் வந்து விழுந்திருது. எழுத்துப்பிழையோட, ரெண்டே வரியில, ஆனா சரியா. நெஞ்சுக்குள்ள காத்து இறங்கி நுரையீரல் ஒதுங்கிப் போன படம், நூலு மாதிரி ஒரு கோடுதான் அடையாளம், மேல்படிப்பு படிக்கவனே தாண்டிப் போயிருவான், இது சொல்லிட்டு. இதயத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டு இருந்த கட்டி, அதையும் சொல்லிட்டு. நல்லாப் படிக்கிற பிள்ளைன்னு நீங்க சொல்லுவீய. நானும் முத ரெண்டு நாளு அப்படித்தான் சந்தோசப்பட்டேன், செண்பகத்துகிட்டகூட சொன்னேன், கரிசக்காட்டுல இருந்து ஒரு பிள்ளை வந்திருக்கு பாருன்னு. அப்புறம் உறுத்த ஆரம்பிச்சிட்டு. கதையைக் கேக்காமலே எப்படிப் பதில் வரும்? என் படமெல்லாம் பாதி புத்தகத்துல இருந்து எடுத்தது, பாதி இன்டர்நெட்ல இருந்து இறக்கினது, ஒரு போனை வச்சுப் படம் பிடிச்சுத் தேடினா நோய்ப் பேரோட வந்து நிக்கும். இல்லன்னா பக்கத்துல ஒருத்தன் உக்காந்து சொல்லிக் குடுக்கான், ஏதாவது ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்குற மாமன் மகனா இருக்கும். இல்லன்னா போன வருசத்துப் பிள்ளைக பதிலை எழுதிக் குடுத்திருக்கும். மூணுல ஒண்ணு. எதுன்னு தெரியல, ஆனா களவு களவுதான்.

லெட்டர் எழுதி வச்சாச்சு. டீனுக்கு. இன்டெர்னல் மார்க்குல முறைகேடு, மேற்படி மாணவியை விசாரிக்க வேண்டும்னு நாலு வரி. அனுப்பினா பரீட்சைக்கு உக்கார விட மாட்டாங்க, ஆறு மாசம் போச்சு, அதோட போற இடமெல்லாம் காப்பியடிச்ச பிள்ளைங்கிற பேரும் போகும். ரெண்டு நாளா அது அனுப்பாமலே கிடக்கு. நேத்து தோசை வைக்கும்போது செண்பகம் கேட்டா, சோறு இல்லாத வீட்டுல இருந்து ஒரு பிள்ளை டாக்டருக்குப் படிக்க வந்தா உங்களுக்குத் திருட்டுத்தனமாத்தான் தெரியுமோன்னு. எனக்குச் சுருக்குன்னு போச்சு. நான் ஊரைப் பாத்தா சந்தேகப்படுதேன்? அப்படி இல்ல. எனக்கு லூர்துமேரி ஞாபகம். அவளுக்குத் தெரியாது லூர்துமேரியை. என்கிட்ட படிச்ச ஒரு பய, பேரு வேண்டாம், பிராக்டிகல்ல பிட்டு வச்சிருந்தான், பாத்தேன், கையைப் பிடிச்சேன், சார் அப்பா இல்ல சார்னான், விட்டுட்டேன். அவன் டாக்டராகி ஏதோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில உக்காந்து, நாப்பது வயசு லூர்துமேரியோட நெஞ்சுப் படத்துல நார்மல்னு கையெழுத்துப் போட்டான். ஒம்பது மாசம் கழிச்சு புருசங்காரரு அந்தப் படத்தை மஞ்சப் பையில சுருட்டி என்கிட்ட கொண்டு வந்தாரு, ஐயா இதுல கட்டி அப்பவே இருந்துதான்னு மட்டும் சொல்லுங்கன்னாரு. இருந்தது. பட்டாணி அளவுக்கு இருந்தது. நான் என்ன சொன்னேங்கிறது இருக்கட்டும். நார்மல்ங்கிற வார்த்தையை எவனும் சும்மா எழுதிரக் கூடாது, அதுக்குத்தான் நான் காவல் நிக்கேன், அதைச் சொன்னா இவளுக்குக் கோவம் வருது.

அதனால சும்மா பழி போடாம இன்னைக்குப் பொறி வச்சிருக்கேன். பொறியைச் சொன்னா சிரிப்பீங்க. எங்க டிபார்ட்மெண்டுல ஒரு பழக்கம், எந்தக் காலத்துல எவன் ஆரம்பிச்சானோ. புது எக்ஸ்ரே மெஷின் வந்து இறங்கினா எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் சுத்தி உடைச்சு, சூடம் காமிச்சு, முதல் படம் யார எடுக்கணும்னா டிபார்ட்மெண்ட் தலைவரோட நெஞ்சைத்தான் எடுக்கணும். முதல்லயே நோயாளியை நிப்பாட்டினா மெஷினுக்கு ஆகாதாம், நோவுல தொடங்கக் கூடாதாம், சொகத்துல தொடங்கணுமாம். அணுவைப் பத்திப் பாடம் நடத்துற பயலுவ, ஒருத்தன்கூட இதை மீறினது இல்ல. போன தை மாசம் டிஜிட்டல் மெஷின் வந்தப்போ நான்தான் சட்டையைக் கழட்டிட்டு நின்னேன். நாடியைத் தூக்குங்க சார், தோளை முன்னால தள்ளுங்க சார், மூச்சை இழுங்க, பிடிங்கன்னு டெக்னீசியன் கணேசமூர்த்தி எனக்கே பாடம் எடுத்தான். படம் வந்ததும் கம்ப்யூட்டரைச் சுத்தி எட்டுப் பேரு நின்னோம். என்ன தெளிவு சார்ங்கான் ஷண்முகவேல், பழைய மெஷின்ல இந்த விலா எலும்பு ஓரம் இப்படி வருமாங்கான், ஒரு பிள்ளை கை தட்டுச்சு, லட்டு குடுத்தோம். அந்தப் படத்தைத்தான் பேரு நம்பர் எல்லாம் அழிச்சு இந்த லேப்டாப்புல ஏத்தி வச்சிருக்கேன், நார்மல்னு தலைப்புப் போட்டு. எந்தப் புத்தகத்துலயும் கிடையாது, இன்டர்நெட்ல தலைகீழா நின்னு தேடினாலும் கிடைக்காது. இதுல என்ன நோவுன்னு கேட்டா, பாக்கத் தெரிஞ்சவன் ஒண்ணுமில்லம்பான், களவாணி எதையாவது இட்டுக்கட்டித்தான் ஆகணும். இட்டுக்கட்டினா அந்த நிமிசமே லெட்டர் போயிரும்.

படத்தைப் போட்டாச்சு. என் நெஞ்சு, அறுபத்திரண்டு வீட்டுல. அம்பத்தெட்டு வயசு ஆம்பளை, ஒரு தொந்தரவும் கிடையாது, சும்மா எடுத்த படம், இதுல உள்ளதைக் கண்டுபிடிக்கிறவங்களுக்குப் பத்து மார்க்குன்னு சொன்னேன், உள்ளதைங்கிறதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன், பொறின்னா தேங்காச்சில்லு வைக்க வேண்டாமா. முதல்ல ஒருத்தன் நார்மல்னு போட்டான். அவன் போட்டதுதான் தாமசம், வாய்க்கால்ல மடையைத் திறந்தாப்ல நார்மல், நார்மல், நார்மல், ஐபோன்கூட நார்மல். சரி, இவனுவ பாத்துச் சொல்லுதானுவளா, பக்கத்துல உள்ளவனைப் பாத்துச் சொல்லுதானுவளா, அந்த விசாரணை இன்னொரு நாளைக்கு. நாப்பத்தி நாலு எங்க? பத்து செகண்டுல வாரவ எங்க? ஒரு நிமிசம் ஆச்சு. தேடுதா போல, கிடைக்கல போல, மாமன் மகன் முழிக்கான் போல. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குதூகலம், அதைச் சொல்லுறதுக்கு வெக்கப்படல, மூணு வாரமா ஒரு பிள்ளை என்னை ஏமாத்திக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் இருக்காது. ரெண்டு நிமிசம். சாட்ல நாப்பத்தி நாலு ஏதோ எழுதுது, நிறுத்துது, திரும்ப எழுதுது. வந்துட்டு. வலது மேல் பகுதி, கழுத்தடிக் காறை எலும்புக்குப் பின்னால, சின்ன வெள்ளைத் திட்டு, சந்தேகமா இருக்கு சார், சிடி எடுக்கணும். அவ்வளவுதான், மாட்டிக்கிட்டா. சும்மா கிடந்த என் நெஞ்சுல நோவை இட்டுக்கட்டிட்டா. லெட்டரைத் திறந்தேன், மவுஸ் அம்பை 'அனுப்பு'ங்கிற பட்டன் மேல கொண்டு போய் வச்சேன். ஆனா அமுக்குறதுக்கு முன்னாடி எல்லார் முன்னாலயும் அவ வாயால வரவழைக்கணும்னு தோணிச்சு, அது கெட்ட புத்திதான், ஆனா தோணிச்சு.

பேச்சியம்மாள், மைக்கைப் போடும்மான்னேன். கொஞ்ச நேரம் கரகரன்னு காத்து அடிச்சுது, கோழி சத்தம், தூரத்துல ஒரு ஆம்பளைக் குரல், ஆகா, ஆள் இருக்கான்னு காதைத் தீட்டினேன், அது யாரோ உப்பு விக்கிறவன். சார்னா. அந்தக் குரலை இப்பத்தான் முத முதலாக் கேக்கேன், கரகரன்னு பெரிய பொம்பளைக் குரல் மாதிரி இருக்கு. நான் மெத்துன்னு ஆரம்பிச்சேன். முதல் விலா எலும்பு முன்னால வந்து சேருற இடம்மா அது, அம்பது தாண்டினா அங்க சுண்ணாம்பு கட்டும், படத்துல வெள்ளையாத் தெரியும், ஏமாத்தும், இது நான் நடத்தின பாடம்தானேன்னேன். ஆமா சார்னா. அப்ப உன் திட்டு அதுதானேன்னேன். போச்சு, மாட்டிக்கிட்டான்னு நெனச்சேன். அப்பத்தான் சொன்னா.

"அந்தப் பக்கமும் பார்த்தேன் சார். அங்க அப்படி இல்லை."

அந்தப் பக்கமும் பாத்தாளாம். ரெண்டு பக்கத்தையும் ஒத்துப் பாருங்கன்னு வருசா வருசம் தொண்டை வத்தக் கத்துறவன் நான்தான். சரி பாப்போம், எல்லாரும் பாருங்கன்னு படத்தைப் பெருசாக்கினேன், அவளை நாற அடிக்கத்தான் பெருசாக்கினேன், வேற எதுக்கும் இல்ல. இடது காறை எலும்புக்குக் கீழ சுண்ணாம்பு இருக்கு, மணல் மணலா, சரி, அது நல்ல பிள்ளை. வலது பக்கம் வந்தேன். சுண்ணாம்பு இருக்கு. அதுக்கு மேல, கொஞ்சம் உள்ள தள்ளி, எலும்புக்குப் பின்னாடி. என்னமோ நிழல். எலும்பும் எலும்பும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா அப்படித்தான் இருக்கும். கறுப்பை வெள்ளையா, வெள்ளையைக் கறுப்பா மாத்திப் பாத்தேன். நிழல் போகல. ஓரம் வழவழன்னு இல்ல. வழவழன்னு இல்லன்னா என்ன அர்த்தம்னு போன வாரம் இதே பிள்ளைகளுக்குச் சொன்னேன். படத்துல நமக்கு இடது கைப்பக்கம் தெரியுறதுதான் நோயாளிக்கு வலது, முதல் நாள் பாடம் இது, முப்பது வருசமாச் சொல்லுதேன், ஆனா என் கை தன்னால என் இடது தோளுக்குப் போச்சு, அங்க தடவிச்சு, அப்புறம்தான் வெக்கப்பட்டு வலதுக்கு மாறிச்சு. ஒண்ணும் தட்டுப்படல. தட்டுப்படாது, எலும்புக்குப் பின்னாடில்லா இருக்கு. சட்டைக்கு மேல வச்ச கையை எடுக்க வரல. இருக்காது. தை மாசம் எட்டுப் பேரு பாத்தோமே. எட்டுப் பேரும் டாக்டரும் டெக்னீசியனும்தானே. எட்டுப் பேரும் மெஷினைத்தான் பாத்தோம். படம் எவ்வளவு தெளிவுன்னு பாத்தோம், எலும்பு ஓரத்தைப் பாத்தோம், கொடுத்த காசுக்குச் சாமான் வொர்த்தான்னு பாத்தோம், உள்ள ஒரு மனுசன் நிக்கானேன்னு யாரு பாத்தா. நானே பாக்கல. அப்புறம் நார்மல்னு தலைப்பு எழுதினதும் நான்தான், படிச்சுப் பாத்து எழுதல, பூசணிக்காய் உடைச்ச படம்ங்கிறதால எழுதினேன். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, இப்ப ஆடி. ஆறு மாசமா இது இந்தப் பெட்டிக்குள்ளயும் கிடக்கு, எனக்குள்ளயும் கிடக்கு. இருபத்தி மூணு வயசுல இருந்து நாப்பது வரைக்கும் சிகரெட் பிடிச்சவன் நான். அதை நோயாளி கதையில நான் சொல்லல, ஒரு தொந்தரவும் கிடையாதுன்னுல்லா சொன்னேன். காச நோய்த் தழும்பாக்கூட இருக்கலாம், நம்ம ஊர்ல யாருக்கு இல்ல, சின்ன வயசுல வந்துட்டுப் போயிருக்கும். இருக்கலாம். வேற ஒரு நோயாளியா இருந்தா நான் இந்த இடத்துல இருக்கலாம்னு விடுவேனா? விட மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு. நல்ல வேளை, படம் காட்டுறதுக்காக என் கேமராவையும் நான் அமத்தித்தான் வச்சிருக்கேன்.

ஆனா சந்தேகம் லேசுல சாகுமா, செத்தாலும் வால் ஆடும். இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? தேடிக் கிடைக்காத படம், எட்டுப் பேரு தாண்டின இடம். உண்மையைச் சொல்லும்மா, எப்படிப் பாக்க, யாரு கூட இருக்கான்னு கேட்டேன், அதட்டலாம்னு வாயைத் திறந்தா குரல் கெஞ்சுற மாதிரி வந்துச்சு. யாரும் இல்ல சார், தண்ணித்தொட்டி மேல இருக்கேன், இங்கதான் டவர் கிடைக்கும்னா. அதுவும் படம்தான் வருமாம், சத்தம் விட்டு விட்டுத்தான் வருமாம், நான் நோயாளி கதை சொல்லுறது பாதிக்கு மேல அவளுக்குக் கேக்கவே கேக்காதாம். கேக்காததால அந்த நேரம் முழுக்கப் படத்தையே மேல இருந்து கீழ வரைக்கும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டு இருப்பாளாம். அதனாலதான் சீக்கிரம் எழுதிருவேன் சார், தப்புன்னா மன்னிச்சிருங்க சார்னா. இன்னைக்கு ஏன் ரெண்டு நிமிசம்னேன். எல்லாரும் நார்மல்னு போட்டாங்கல்லா சார், நமக்குத்தான் பாக்கத் தெரியலையோன்னு பயமா இருந்துச்சு, எழுதி எழுதி அழிச்சேன்னா. பொறி, தேங்காச்சில்லு, உள்ளதைன்னு நான் அழுத்தினது, ஒண்ணும் இந்தப் பிள்ளை காதுல விழல. அது நெஞ்சை மட்டும் பாத்திருக்கு. லெட்டரை அழிச்சேன். நாப்பத்தி நாலுக்குப் பத்து மார்க்குன்னு சொன்னேன், மத்தவங்களுக்கு இல்லன்னேன். சாட்ல ஐயோ சார், எங்க சார், திரும்பக் காட்டுங்க சார்னு வந்து குவியுது. திரும்பக் காட்டினேன். அம்பை எடுத்து அந்த நிழலைச் சுத்தி ஒரு வட்டம் போட்டேன், அறுபத்திரண்டு பேருக்கும் பாடம் நடத்தினேன், எலும்புக்குப் பின்னாடி தேடுங்க, நார்மல்னு அவசரப்படாதீங்க, இதுல அடுத்து சிடி எடுக்கணும், ஊசி போட்டுத் தசை எடுத்துப் பாக்கணும், லேட் பண்ணக் கூடாதுன்னு. நல்லாத்தான் நடத்தினேன், ஒரு வார்த்தை தடுக்கல. முடிச்சிட்டு டவுட் ஏதும் உண்டான்னு வழக்கம்போலக் கேட்டேன். நாப்பத்தி நாலோட மைக் மட்டும் இன்னும் திறந்தே கிடந்துச்சு.

"சார், இந்த பேஷண்டுக்கு விஷயம் தெரியுமா சார்? சொல்லியாச்சா?"

மூணு வாரத்துல அறுபது படம் காட்டியிருக்கேன், ஒரு பய கேட்டது இல்ல, அந்த ஆளு என்ன ஆனான்னு. நானே யோசிச்சது இல்ல, படம்னா படம், அதுக்கு வீடு உண்டா வாசல் உண்டா. சொல்லியாச்சும்மான்னேன், மெதுவாத்தான் வந்துச்சு.

"சார், கேக்கல சார், கட் ஆயிட்டு. சொல்லிட்டாங்களா?"

"சொல்லியாச்சு," இந்தத் தடவை சத்தமாவே சொன்னேன், அவளுக்குக் கேக்கணுமே. "இப்பத்தான் சொல்லியாச்சு, அவருக்கு நெஞ்சுல கட்டி மாதிரி இருக்குன்னு."

கீழ அடுப்பங்கரையில பாத்திரச் சத்தம் நின்னுட்டு. யாருக்குங்க, நமக்குத் தெரிஞ்சவரான்னு செண்பகம் படியில நின்னு கேட்டா.